இறுக்கமான தொப்பியைத் தலைக்கு ஏற்றபடி தளர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் போட்டுப் பார்த்தபோது சரியாக இருந்தது, வீட்டுக்கு வந்ததும் நெற்றியை அழுத்துகிறது என்பவர்கள், பரிசாக வந்த தொப்பி ஒரு சுற்று சிறியது என்பவர்கள், துவைத்துச் சுருக்கிவிட்டவர்கள் எல்லோரும் எங்களிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறோம். அடுப்பில் தண்ணீர் வைப்பதற்கு முன் 5, 6 ஆகிய இரண்டு பதில்களையும் கட்டாயம் படித்துவிடுங்கள். பலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

தொப்பிக்குள் தலையைச் சுற்றி வரும் தோல் அல்லது துணிப் பட்டையை இங்கே ‘உள்பட்டை’ என்கிறோம். தலையை மூடும் பகுதி ‘கிண்ணம்’, வெயிலை மறைக்க நீண்டிருப்பது ‘விளிம்பு’.

1. தொப்பி நெத்தியைப் பிடிக்குது. இது சாதாரணமா, இல்ல சைஸே தப்பா?

பத்து நிமிடம் போட்டிருந்து கழற்றிக் கண்ணாடியில் பாருங்கள். நெற்றியில் லேசான கோடு தெரிந்து சற்று நேரத்தில் மறைந்துவிட்டால் அது பிடிப்பு மட்டுமே. கோடு பள்ளமாகச் சிவந்திருந்தாலோ, நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தாலோ அளவு போதவில்லை. இன்னொரு அடையாளமும் உண்டு: இறுக்கமான தொப்பி உட்கார்ந்த இடத்தில் நிற்காது. நீங்கள் இழுத்துவிட இழுத்துவிட மேலே ஏறிக்கொண்டே இருக்கும்.

தொப்பியைப் போட்டபடி நெற்றிக்கும் உள்பட்டைக்கும் நடுவே ஆள்காட்டி விரலைச் செருகிப் பாருங்கள். சிரமமில்லாமல் நுழைந்தால் எதுவும் செய்ய வேண்டாம். தோல் உள்பட்டை உள்ள புதுத் தொப்பி தினமும் ஒரு மணி நேரம் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தலைக்கு ஏற்றபடி தானே அமைந்துவிடும். விரல் நுழையவே இல்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

2. தலை அளவை எப்படி எடுக்கறது? என் தொப்பில 7¼-னு போட்டிருக்கு, அது என்ன கணக்கு?

தையல் டேப்பைப் புருவத்துக்கு மேலே ஒரு விரல்கடை விட்டு, இரண்டு காதுக்கும் மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையின் மேடான இடத்தைச் சுற்றி எடுங்கள். டேப் இல்லையென்றால் சணல் கயிற்றால் சுற்றி அதை ஸ்கேலில் வைத்துப் பார்க்கலாம். எலாஸ்டிக் நூல் வேண்டாம், இழுபட்டு ஏமாற்றும். மூன்று முறை எடுத்து அதில் பெரிய அளவை வைத்துக்கொள்ளுங்கள். முடி வெட்டிய மறுநாள் எடுக்கும் அளவும், முடி அடர்ந்திருக்கும்போது எடுக்கும் அளவும் ஒன்றாக இருக்காது. வழக்கமாக எப்படித் தொப்பி போடுவீர்களோ அந்த நிலையில் எடுங்கள்.

7¼ என்பது அமெரிக்க முறை. தலைச் சுற்றளவை வட்டமாக எண்ணி, அதன் விட்டத்தை அங்குலத்தில் சொல்கிறார்கள். 7¼ ஏறக்குறைய 58 செ.மீ. சுற்றளவு. அதே 58 செ.மீ. தொப்பிக்கு பிரிட்டிஷ் முறையில் 7⅛ என்று போட்டிருக்கும். ஆகவே இணையத்தில் வாங்கும்போது எந்த நாட்டு அளவு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் ஒரு அளவு தவறிவிடும். எண் ⅛ கூடினால் சுற்றளவு சுமார் 1 செ.மீ. கூடுகிறது. இந்த 1 செ.மீ.தான் ‘ஒரு சைஸ்’.

தொப்பியின் உள்ளளவை டேப்பால் நேராக எடுப்பது கஷ்டம். பழைய காலண்டர் தாளை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, தேவையானால் ஒட்டி நீட்டி, உள்பட்டையை ஒட்டிச் சுருளாக வையுங்கள். முனை எங்கே வந்து சேர்கிறதோ அங்கே பென்சிலால் குறித்து, வெளியே எடுத்து நீட்டி அளந்தால் போதும்.

3. எவ்வளவு வரைக்கும் பெரிசாக்க முடியும்? ரெண்டு சைஸ் வருமா?

வராது. ஃபெல்ட் (நெய்யாமல், கம்பளியையோ விலங்கு ரோமத்தையோ இறுக்கிச் செய்த தடித்த துணி) தொப்பி ஒரு சைஸ், அதாவது 1 செ.மீ. வரை கொடுக்கும். நெய்த வைக்கோல் வகைத் தொப்பிகள் அரை சென்டிமீட்டர் கொடுத்தாலே அதிகம். பருத்தித் துணி கேப்பும் அரை சென்டிமீட்டர்தான். பின்னிய கம்பளிக் குல்லா மட்டும் 2 செ.மீ. வரை தாராளமாக விரியும்.

2 செ.மீ. போதாத ஃபெல்ட் தொப்பியை வலுக்கட்டாயமாக விரித்தால் உள்பட்டைத் தையல் விடும். கிண்ணமும் விளிம்பும் சேரும் இடம் அலையலையாகிவிடும், கிண்ணத்தின் மேல் மடிப்பு விரிந்து போகும். மாற்றித்தர வாய்ப்பிருந்தால் ஈரப்படுத்துவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

4. வாங்கும்போது சரியாத்தான் இருந்துச்சு. ஒரு வருஷத்துல எப்படிச் சுருங்குச்சு?

வியர்வையில் ஊறிய உள்பட்டை வேகமாகச் சூடேறிக் காய்வதுதான் முக்கியக் காரணம். வெயிலில் நிறுத்திய காரின் பின்கண்ணாடி அருகே தொப்பியை வைப்பது அதைச் சுருக்கும் நிச்சயமான வழி. தோல் சுருங்கும்போது தன்னோடு தைக்கப்பட்ட ஃபெல்ட்டையும் சேர்த்து இழுத்துவிடும். கம்பளி ஃபெல்ட்டாக இருந்தால் மழையில் நனைந்தாலும் சுருங்கும். கம்பளி இழையின் மேல் மீன் செதில்போல் நுண்ணிய அடுக்குகள் உண்டு. ஈரமும் சூடும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகும். ஃபெல்ட் உருவாவதே இந்தக் குணத்தால்தான். வாஷிங் மெஷினில் போட்ட கம்பளித் தொப்பி குழந்தைத் தொப்பியாக வெளியே வருவதற்கும் அதுவே காரணம்.

5. என் தொப்பி என்ன சரக்குன்னே தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கறது?

லேபிள் இருந்தால் உள்பட்டையின் மடிப்புக்குள் இருக்கும், புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் உள்தையல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு இழையை வெட்டி, இடுக்கியில் பிடித்துக் கழுவுதொட்டிக்கு மேலே தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி அல்லது விலங்கு ரோமம். காகிதம் எரிகிற வாசனை என்றால் பருத்தி. உருகி, கறுத்த மணியாக உறைந்தால் பாலியஸ்டர் அல்லது அக்ரிலிக். தைத்த நூல் வேறாகவும் துணி வேறாகவும் இருக்கலாம் என்பதால் துணியின் இழையையே எடுக்க வேண்டும்.

வைக்கோல்போலத் தெரிகிற தொப்பிகளில் பல, முறுக்கிய காகிதத்தால் செய்தவை. உள்பக்கம் கண்ணில் படாத ஓரிடத்தை ஈர விரலால் அரை நிமிடம் தேய்த்துப் பாருங்கள். நார் பிரிந்து பஞ்சுபோல் எழும்பினால் காகிதம். அந்தத் தொப்பிக்கு இந்தப் பக்கத்தில் உள்ள தண்ணீர் முறை எதுவும் ஆகாது. 6-ஆம் பதிலில் உள்ளது மட்டுமே பொருந்தும்.

6. தண்ணி, ஆவி எதுவும் இல்லாம முதல்ல செஞ்சு பாக்கற மாதிரி ஏதாவது இருக்கா?

இருக்கிறது, அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். உள்பட்டையை வெளியே புரட்டுங்கள். அதற்கும் தொப்பிக்கும் நடுவே நுரைப்பட்டை அல்லது மடித்த காகிதம் செருகியிருக்கிறதா என்று விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். பெரிய தொப்பியைச் சிறிய தலைக்கு ஒப்பேற்ற இப்படி வைப்பது வழக்கம். 3 மி.மீ. தடிமனில் ஒரு பட்டை முழுச்சுற்றும் இருந்தால் அதை எடுத்ததுமே கிட்டத்தட்ட இரண்டு சைஸ் கிடைத்துவிடும். காரணம் எளிது: விட்டம் இரு பக்கமும் 3 மி.மீ. கூடுகிறது, சுற்றளவு அதன் மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது.

அடுத்து, கிண்ணத்தைச் சுற்றி வெளியே கட்டியிருக்கும் ரிப்பன். இது துளிகூட விரியாது. இறுக்கித் தைத்திருந்தால் உள்ளே எவ்வளவு ஆவி காட்டினாலும் தொப்பி பெரிதாகாது. முடிச்சுக்கு அடியில் உள்ள நாலைந்து தையலைப் பிரித்து ரிப்பனைத் தளர்த்திவிட்டு, வேலை முடிந்து காய்ந்தபின் திரும்பத் தைத்துக்கொள்ளுங்கள். கயிறு, நாடா, பின்பக்கப் பட்டை உள்ள தொப்பியில் அவை முழுக்கத் தளர்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

7. ஃபெல்ட் தொப்பிக்கு ஆவி காட்டணும்னு சொல்றாங்க. எங்க, எவ்வளவு நேரம்?

கிண்ணமும் விளிம்பும் சேரும் அந்த ஒரு வளையத்துக்கு மட்டும். முதலில் தோல் உள்பட்டையை முழுக்க வெளியே புரட்டிவிடுங்கள். இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கொதிநீராவி நேராகப் பட்டால் தோல் சுருங்கி, காய்ந்ததும் அட்டைபோல் விறைத்துவிடும். பெரிதாக்கப் போய்ச் சிறிதாக்கிய கதை அப்படித்தான் நடக்கிறது. தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்து, ஆவி வரும் வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி, உள்பக்க வளையத்தில் ஆவி படும்படி மெல்லச் சுற்றுங்கள். ஒரு முழுச்சுற்றுக்கு அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். ஃபெல்ட் சூடாகி, விரலால் அழுத்தினால் ஈரச் சப்பாத்தி மாவுபோல் இணங்குகிற பதம்தான் கணக்கு. சொட்டச் சொட்ட நனையக் கூடாது.

பதம் வந்ததும் ஆவியை விட்டு விலகி, இரு கைகளின் கட்டைவிரல்களையும் உள்ளே வைத்து, எதிரெதிர்ப் பக்கமாக நிதானமாக இழுங்கள். முன்–பின் ஒரு முறை, இடம்–வலம் ஒரு முறை, குறுக்காக இரு முறை. ஒரே இடத்தில் இழுத்தால் அங்கே மட்டும் பிதுங்கும். பிறகு உள்பட்டையைத் திரும்ப உள்ளே மடித்து, அதன் உள்முகத்தை ஈரத் துணியால் ஒற்றித் தலையில் போட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது அரைமணி நேரம் கழற்றாதீர்கள். ஃபெல்ட் ஆறும்போது எந்த அளவில் நிற்கிறதோ அந்த அளவில்தான் நிலைக்கும். சூடாக இருக்கும்போது விரித்துவிட்டு வெறுமனே மேசைமேல் வைத்தால் பழையபடி ஒடுங்கிவிடும்.

விளிம்பின்மேல் ஆவி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரக்கு போன்ற விறைப்பூட்டும் பொருள்கள் ஃபெல்ட்டில் ஏற்றப்பட்டிருக்கும். சூட்டில் அவை இளகினால் விளிம்பு அப்பளம்போல் வளைந்து தொங்கிவிடும். ஒரு தடவையில் 3, 4 மி.மீ. கிடைத்தாலே நல்ல பலன். போதவில்லை என்றால் மறுநாள் திரும்பச் செய்யலாம்.

8. எங்க வீட்ல கெட்டில் இல்ல. குக்கர் ஆவி ஆகாதா?

பிரஷர் குக்கர் வேண்டாம். அதிலிருந்து வரும் ஆவி சீறிக்கொண்டு வரும், கூடவே நீர்த்துளிகளையும் தெறிக்கும். வெளிர்நிற ஃபெல்ட்டில் துளி விழுந்த இடம் வட்டக் கறையாகக் காயும். கையும் வெந்துபோகும். குறுகிய வாயுள்ள சிறு பாத்திரத்தில் பாதியளவு தண்ணீர் கொதிக்கவைத்தால் போதும். இட்லிப் பானையில் தட்டு இல்லாமல், மூடியைச் சற்று விலக்கி வைத்து அந்த இடுக்கு வழியாக வரும் ஆவியிலும் காட்டலாம். துணிக்கு ஆவி காட்டும் கையடக்க ஸ்டீமர் இருந்தால் அதுவே வசதி. எதில் காட்டினாலும் மூடியில் திரண்ட நீர் தொப்பிமேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அயர்ன் பாக்ஸிலிருந்து ஆவி விடுவதும் உதவும். ஆனால் தகடு ஃபெல்ட்டைத் தொடக் கூடாது. தொட்ட இடம் பளபளவென்று தேய்ந்துபோகும், அது மறையாது.

9. ஸ்ட்ரெச்சர்னு ஒண்ணு விக்கிறாங்களே, அது வாங்கணுமா? ஆசாரிகிட்ட சொல்லிச் செஞ்சுக்கலாமா?

ஒரே ஒரு தொப்பிக்கு என்றால் வாங்கத் தேவையில்லை, உங்கள் தலையே போதும். அடிக்கடி சுருங்கும் தொப்பியோ, நாலைந்து தொப்பிகளோ இருந்தால் பயன்படும். நீள்வட்டப் பலகையை நடுவில் இரண்டாக அறுத்து, நடுவே ஒரு திருகு வைத்தால் அதுதான் ஸ்ட்ரெச்சர். ஆசாரி ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார்.

வடிவத்துக்கு, கட்டுக்கம்பியைத் தலையைச் சுற்றி மெல்ல வளைத்து, கலையாமல் எடுத்து 3 செ.மீ. தடிமனான பலகையில் வரையுங்கள். கோட்டுக்கு உள்ளே 4 மி.மீ. விட்டு அறுக்கச் சொல்லுங்கள். பிறகு காதுக்குக் காது போகும் கோட்டில் இரண்டாக வெட்டி, ஓரங்களை உப்புத்தாளால் உருட்டி, நடுவே 10 மி.மீ. போல்ட்டும் நட்டும் பொருத்த வேண்டும். போல்ட்டின் தலைப்பக்கம் ஒரு பாதியில் பதிந்திருக்கும். மறுமுனை மற்ற பாதியின் துளைக்குள் தாராளமாகப் போய்வரும், நட்டு அந்தப் பாதியை வெளியே தள்ளும். ஈரத்தில் பழுப்புச் சாறு விடும் மரமாக இருந்தால் வெள்ளைப் பருத்தித் துணி சுற்றிவிடுங்கள்.

எல்லோரும் தவறு செய்யும் இடம் திருகுவதில்தான். சாதாரண 10 மி.மீ. போல்ட்டில் நட்டை ஒரு முழுச்சுற்று திருப்பினால் 1.5 மி.மீ. நகரும். இரண்டு பாதிகளும் 1.5 மி.மீ. விலகினால், இடைவெளி இரண்டு பக்கமும் வருவதால் சுற்றளவு 3 மி.மீ. கூடும். ஆக, ஒரு சைஸ் பெரிதாக்க மூன்று சுற்றும் இன்னொரு கால்வாசி சுற்றும் போதும். பலகை உள்பட்டையைத் தொட்டு நிற்கும் நிலையிலிருந்து இதை எண்ணுங்கள். ஆவி காட்டியபின் ஒரு சுற்று, எட்டு மணி நேரம் கழித்து இன்னொன்று என்று போகலாம். ‘டிக்’ என்று நூல் சத்தம் கேட்டால் உடனே அரைச்சுற்று பின்வாங்குங்கள். இரவு முழுக்க விட்டு, அடைமழைக் காலமானால் இரண்டு நாள் விட்டு, முழுக்கக் காய்ந்தபின்தான் வெளியே எடுக்க வேண்டும்.

10. முன்னாலயும் பின்னாலயும் இறுக்குது. ஆனா காதுக்கு மேல சந்து விழுது. இது எப்படி?

இது அளவுக் குறை அல்ல, வடிவப் பொருத்தமின்மை. உங்கள் தலை நீளவாக்கில் இருக்கிறது, தொப்பி வட்டமாகச் செய்யப்பட்டிருக்கிறது. இதைப் பெரிதாக்கினால் பக்கவாட்டுச் சந்தும் சேர்ந்து பெரிதாகி, காற்றில் தொப்பி பறக்கும். 7-ஆம் பதிலில் சொன்னபடி ஆவி காட்டிவிட்டு, இழுப்பதற்குப் பதிலாக இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து நடுவை நோக்கி அழுத்துங்கள். சுற்றளவு மாறாமல் வட்டம் நீள்வட்டமாகும். உடனே தலையில் போட்டு ஆறவிடுங்கள்.

இதற்கு நேர்மாறாக நெற்றிப்பொட்டு இரண்டிலும் அழுத்தி, முன்னால் சந்து விழுந்தால் முன்–பின்னாக அழுத்துங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு 9-இல் சொன்ன ஸ்ட்ரெச்சர் கெடுதல் செய்யும், அது முன்–பின் நீளத்தைத்தான் கூட்டும். வாங்கும் தொப்பியில் ஒரே வடிவம்தான் கிடைக்கிறது என்றால், சந்து விழும் இடத்தில் மட்டும் உள்பட்டைக்குப் பின்னால் மெல்லிய நுரைப்பட்டை வைப்பதும் நல்ல தீர்வு.

11. பனாமா தொப்பி வச்சிருக்கேன். அதுக்கும் ஆவிதானா?

பனாமா தொப்பி என்று பெயர் இருந்தாலும் அது ஈக்வடார் நாட்டுச் சரக்கு. தொக்கில்லா என்ற செடியின் இளங்குருத்து ஓலையைக் கீறி நெய்வார்கள். ஈரம் இருந்தால் வளையும், காய்ந்திருந்தால் முறியும். எனவே காய்ந்த நிலையில் இதை இழுக்கவே கூடாது. பூவாளித் தெளிப்பானால் உள்பக்க வளையத்தில் லேசாக நீர் தெளித்து, ஈரத் துண்டால் பத்து நிமிடம் மூடி வையுங்கள். நார் மெத்தென்று ஆனபின் உள்பட்டையையும் ஈரத் துணியால் ஒற்றிப் போட்டுக்கொண்டு, நிழலில் காயும்வரை இருங்கள். ஆவி காட்டுவதானால் 7-இல் சொன்ன நேரத்தில் பாதி போதும்.

3-இல் சொன்ன அரை சென்டிமீட்டர் எல்லையை இதில் தாண்டவே வேண்டாம். ஒரு நார் முறிந்தால் பக்கத்து நார்கள் நழுவி ஓட்டை வளரும். நாடாவாகப் பின்னிச் சுருளாகத் தைத்த வைக்கோல் தொப்பிகளில் நாருக்கு முன்பே தையல் விட்டுவிடும்.

12. ராமேஸ்வரம் போனப்ப வாங்கின பனையோலைத் தொப்பி. பெரிசாகுமா?

ஓலை நார் விரியாது, பின்னலில் உள்ள இடைவெளிதான் கொஞ்சம் கொடுக்கும். ஈரத் துணியில் ஒரு மணி நேரம் சுற்றிவைத்து, மெதுவாகத் தலையில் போட்டு அமுக்கிப் பாருங்கள். உள்ளே துணிப்பட்டை தைத்திருந்தால் அதைப் பிரித்துவிட்டு மெல்லிய பருத்தி நாடா தைப்பதுதான் நிஜமான பலன் தரும். ஈரமாகவே பைக்குள் வைத்துவிடாதீர்கள், இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும்.

13. பின்னால அட்ஜஸ்ட் பண்ற பட்டையே இல்லாத கேப். என்ன பண்றது?

முன்விளிம்பை விரலால் தட்டிக் கேளுங்கள். பொத்தென்று மந்தமாகக் கேட்டு, வளைத்தால் அப்படியே நின்றால் உள்ளே அட்டையாக இருக்கலாம். பழைய கேப்புகளில் அப்படித்தான். அட்டை நனைந்தால் ஊறிப்போகும், எனவே விளிம்பை நீரில் விடாமல் கிண்ணத்தை மட்டும் நனைக்க வேண்டும். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் ஐந்து நிமிடம் போதும். நெற்றிப்பக்கத்தில் பக்ரம் என்ற பசை ஏற்றிய துணியை வைத்து விறைப்பாக்கியிருப்பார்கள். கொதிநீரில் அந்தப் பசை இளகி முன்பக்கம் சுருங்கிவிடும். பிழியாமல், துண்டால் ஒற்றித் தலையில் போட்டு, ஃபேன் காற்றில் ஈரம் போகும்வரை இருங்கள்.

பாலியஸ்டர் கேப் தண்ணீருக்கு மசியாது. அதன் உள்பட்டையைப் பின்பக்க இணைப்பில் மட்டும் தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்துவிட்டால் சில மில்லிமீட்டர் தளரும். அதுவும் போதாவிட்டால் பின்னால் ஒரு சிறு கீறல் விட்டு, ஒரு அங்குல எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொல்லலாம். வெளியே தெரியும், ஆனால் உறுதியாக நிற்கும்.

14. என்சிசி பெரே ரொம்ப டைட். நாளைக்குப் பரேடு இருக்கு!

முதலில் பின்பக்கம் தொங்கும் கறுப்பு நாடாவின் முடிச்சை அவிழுங்கள். ஓரத்துத் தோல்பட்டைக்குள் ஓடும் அந்த நாடாதான் அளவை வைத்திருக்கிறது. முடிச்சு இறுகிப்போய் யாரும் தொடாமல் இருப்பது சகஜம். ஊசி முனையால் அவிழ்த்து, பட்டையை இரு கையாலும் சுற்றிலும் இழுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

இன்னும் பற்றாது என்றால் பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு, பெரேயை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கசக்காமல் அமுக்கி நீரை எடுத்து, போட்டுக்கொள்ளுங்கள். பேட்ஜ் இருக்க வேண்டிய இடம் இடது கண்ணுக்கு மேலே வரட்டும், மீதித் துணியை வலப்பக்கம் இழுத்துப் படியவையுங்கள். இப்படியே ஒரு மணி நேரம் இருந்தால் அளவும் வடிவும் சேர்ந்து அமையும். பிறகு பாத்திரத்தின்மேல் கவிழ்த்து இரவு முழுக்க ஃபேனுக்கு அடியில் விடுங்கள். அவசரத்துக்கு வெயிலிலோ ஹீட்டர் முன்னாலோ காயவைத்தால் 4-இல் சொன்னபடி காலையில் இன்னும் சிறிதாக இருக்கும்.

15. ஊட்டில வாங்கின கம்பளிக் குல்லா துவைச்சதும் சுருங்கிடுச்சு. பந்து மேல மாட்டி வைக்கலாமா?

பின்னல் குல்லாவைச் சரிசெய்வது எல்லாவற்றிலும் சுலபம். ஒரு வாளியின் கால்வாசிக் குளிர்ந்த நீரில் இரண்டு தேக்கரண்டி முடிக்குப் போடும் கண்டிஷனர் கலந்து, குல்லாவை அரைமணி நேரம் ஊறவிடுங்கள். இழைகள் வழுக்கலாகிப் பிடி விடும். அலசி, துண்டில் சுருட்டி அமுக்கி, உங்கள் தலையளவுள்ள ஒன்றின்மேல் மாட்டுங்கள்.

பந்து என்றால் எந்தப் பந்து என்பது முக்கியம். பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் கால்பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., வாலிபாலின் சுற்றளவு 65 முதல் 67 செ.மீ. இரண்டுமே தலையைவிடப் பெரியவை. குல்லா தொளதொளத்துவிடும். சமையலறையில் தேடுங்கள்: சுற்றிலும் நூல் போட்டு அளந்தால் தலையளவைவிட 1 செ.மீ. கூடுதலாக உள்ள எவர்சில்வர் பாத்திரம் ஒன்று நிச்சயம் கிடைக்கும். கவிழ்த்து, துண்டு போட்டு, அதன்மேல் மாட்டுங்கள். குரோஷா பின்னிய பருத்தித் தொழுகைத் தொப்பிக்கும் இதே முறைதான், கண்டிஷனர் மட்டும் தேவையில்லை. சுடுநீரில் துவைத்து முழுக்க ஃபெல்ட்டாக இறுகிவிட்ட கம்பளி, பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பாது.

16. ஃப்ரீசர், மைக்ரோவேவ், ஹேர் ட்ரையர், தேங்காய் எண்ணெய்... இதுல எது வேலை செய்யும்?

ஹேர் ட்ரையர் மட்டும், அதுவும் மிதமான சூட்டில், ஈரமான தொப்பி தலையில் இருக்கும்போது. ஃப்ரீசரில் நீர்ப் பையை உள்ளே வைத்து உறையவிட்டால் நீர் பருத்துத் தொப்பியை விரிக்கும் என்பார்கள். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருப்பது உண்மைதான். ஆனால் திறந்த பக்கம் இருக்கும்போது பை அந்தப் பக்கமே உப்பும், இறுகிய பட்டையைத் தள்ளாது. மைக்ரோவேவ் கூடவே கூடாது, கேப்பின் உச்சியில் துணி போர்த்திய உலோகப் பொத்தான் இருக்கும்.

தேங்காய் எண்ணெய் தோல் உள்பட்டையை அப்போதைக்கு இளக்கும். பிறகு ஃபெல்ட்டுக்குள் ஊறி வெளியே கருவளையமாகத் தெரியும், நாளாக நாளாகச் சிக்கு நாற்றமும் அடிக்கும். வறண்ட தோலுக்கு, தோல் பொருள்களுக்கென்று விற்கும் கண்டிஷனரைத் துணியில் ஒரு பொட்டு எடுத்துத் தடவினால் போதும்.

17. தாத்தாவோட சோலா தொப்பி கிடைச்சிருக்கு. அதை எப்படி விரிக்கறது?

விரிக்கவே கூடாது. சோலா தொப்பியின் உடல் நெட்டித் தண்டால் ஆனது. தஞ்சாவூரில் கோயில் மாதிரிகள் செதுக்குகிறார்களே, அதே நெட்டிதான். இறகுபோல் லேசாக இருப்பதற்குக் காரணமான அந்த மென்மையே, வளைத்தால் பிளப்பதற்கும் காரணம். பழசான நெட்டி நகம் பட்டாலே உதிரும். ஆவி காட்டினால் மேல்துணியை ஒட்டிய பசையும் விட்டுவிடும்.

ஆனால் இதில் ஒரு வசதி இருக்கிறது. காற்றோட்டத்துக்காக உள்பட்டையை உடலோடு ஒட்டாமல், சிறு கட்டைகளோ தக்கைத் துண்டுகளோ வைத்துத் தள்ளித் தைத்திருப்பார்கள். அந்தத் துண்டுகளை மெல்லியதாக மாற்றினால் உள்ளளவு கூடும். இழைகளை அறுக்காமல் ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்து, அதே துளைகளின் வழியே திரும்பத் தையுங்கள். பழைய துண்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு உறையில் போட்டுத் தொப்பியோடு வைத்திருங்கள்.

18. பைக் ஹெல்மெட்டும் டைட்டா இருக்கு. உள்ள இருக்கற தெர்மாகோலைக் கொஞ்சம் அமுக்கிவிட்டா சரியாயிடும்ல?

தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த வெள்ளை நுரைதான் உங்கள் உயிரைக் காப்பது. விழும்போது தலை அடிபடும் வேகத்தை அது நசுங்கி வாங்கிக்கொள்கிறது, ஒரே ஒரு முறைதான் நசுங்கும். கரண்டியால் அமுக்கினாலும், சூடு காட்டிக் குழித்தாலும், சுரண்டினாலும் அந்த இடத்தில் காப்பு போய்விட்டது என்று பொருள். ஐஎஸ்ஐ முத்திரைக்கு அடிப்படையான ஐஎஸ் 4151 தரச் சோதனை, நுரை முழுசாக இருக்கும் ஹெல்மெட்டுக்குத்தான்.

புது ஹெல்மெட்டின் கன்னத்துப் பஞ்சு இறுக்கமாக இருப்பது சரியானதே, சில வாரத்தில் படிந்துவிடும். கன்னத்துப் பேடுகளைக் கழற்றி மாற்றும் வகை என்றால் மெல்லிய பேடு கேட்டு வாங்கலாம். ஆனால் அரைமணி நேரம் போட்டதும் நெற்றியில் ஓர் இடம் மட்டும் சிவந்து வலித்தால், அந்த ஹெல்மெட் உங்கள் தலைக்கானது அல்ல. பெரிய அளவோ வேறு வடிவமோ வாங்குங்கள்.

19. கொஞ்சம் ஓவரா இழுத்துட்டேன், இப்ப லூசாயிடுச்சு. போச்சா?

போகவில்லை. 6-இல் எடுத்துப் போடச் சொன்ன அந்தப் பட்டையை இப்போது நீங்கள் வைக்க வேண்டும். உள்பட்டைக்குப் பின்னால் நெற்றிப்பக்கமும் பின்மண்டைப்பக்கமும் மட்டும், தலா 10 செ.மீ. நீளத்துக்கு மடித்த பருத்தித் துணியை வைத்துப் பாருங்கள். செய்தித்தாள் வைத்தால் வியர்வையில் மை ஊறி உள்பட்டையில் ஏறும். கம்பளி ஃபெல்ட்டாக இருந்தால் ஆவி காட்டி, தலையில் போடாமல் விட்டுவிட்டால் தானாகவே சற்று ஒடுங்கும்.

உள்பட்டைத் தையல் விட்டிருந்தால் பழைய துளைகளின் வழியே மட்டும் தையுங்கள். புதுத் துளை போட்டால் தோல் தபால்தலைபோல் கிழிந்துவிடும். தோல் காய்ந்து வெடித்திருந்தால் தைத்துப் பயனில்லை, உள்பட்டையையே மாற்ற வேண்டியதுதான்.

20. ஒவ்வொரு தடவையும் பெரிசாக்கறேன், ரெண்டு மாசத்துல திரும்பச் சுருங்குது. ஏன்?

பெரும்பாலும் முழுக்கக் காயும் முன் கழற்றியிருப்பீர்கள். மேல்பக்கம் உலர்ந்தாலும் உள்பட்டைக்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவே ஈரம் நிற்கும். விரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பாருங்கள், சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. இன்னொரு காரணம் வியர்வை. வெளியே போய் வந்ததும் உள்பட்டையை வெளியே புரட்டி, ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து, அப்படியே கவிழ்த்து நிழலில் வையுங்கள். பட்டை புரண்டிருப்பதால் தொப்பி அதன்மேல் நிற்கும், விளிம்பும் மடங்காது. ஆணியில் மாட்டினால் ஒரே புள்ளியில் எடை தொங்கி நீள்வட்டம் கோணும். சித்திரை, வைகாசியில் தினமும் போடுபவர்கள் இரண்டு தொப்பிகளை மாற்றி மாற்றிப் போட்டால், ஒவ்வொன்றும் ஒரு நாள் முழுக்கக் காய நேரம் கிடைக்கும்.